ரோஸி படுத்த இடம்

அன்றைக்கு க்ளினிக்கில் இருந்தது நாங்கள் நாலு பேர். நான், கவுண்டரில் செல்வி அக்கா, மேசைமேல் ரோஸி என்கிற நாய், அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற குமுதா அம்மா. இல்லாதவர்கள் மூன்று பேர். பெரிய டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். குமுதா அம்மாவின் கணவர் ஏகாம்பரம் வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தார். ரோஸிக்குப் பேர் வைத்த அவர்கள் மகள் காயத்ரி ஒன்றரை வருஷமாக அந்த வீட்டு வாசல்படி மிதித்ததில்லை.

நாளையோடு நான் இந்த க்ளினிக்கை விட்டுப் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்றார் பெரிய டாக்டர். எந்த மருந்து எத்தனை மில்லி என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. நாலு வருஷத்தில் என் கையில் பிழைத்தவை நிறைய இருக்கின்றன. பிழைக்காத ஒன்றைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

ரோஸி செம்பட்டை நிற நாட்டு நாய். அஞ்சு வயசு. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, நடந்தால் தள்ளாடுகிறது என்று குமுதா அம்மா ஆட்டோவில் தூக்கி வந்திருந்தார். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு, வேகவைத்த முட்டையின் வெள்ளைபோல இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடத்துக்கும் அழுத்தாத இடத்துக்கும் வித்தியாசமே இல்லை.

ரத்தசோகை என்று வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா அம்மாவுக்குக் கையெழுத்து வராது. புத்தகத்தில் இருப்பதை வரிசை மாறாமல் செய்தால் தப்பே வராது என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்றைக்கும் பேனாவை எடுத்துக்கொண்டு வரிசையாகத்தான் கேட்டேன்.

"வீட்ல எலி மருந்து வெச்சிருக்கீங்களாம்மா?"

"பட்டு இருக்கிற வூட்ல எலி மருந்து இல்லாம இருக்குமா தம்பி? பரண் மேல வெச்சிருக்குது. இது அங்கெல்லாம் ஏறாது."

"வெங்காயம், பூண்டு சாப்பிடுமா?"

"சாம்பார் சோறு சாப்பிடும். வெங்காயத்தை மட்டும் ஓரமா ஒதுக்கி வெச்சிடும், எங்க வூட்டுக்காரர் மாதிரி."

செல்வி அக்கா சிரித்துவிட்டார். ஒதுக்கினாலும் சாறு இறங்கியிருக்கும், சாம்பாரே வேண்டாம் என்று சொல்லி எழுதிக்கொண்டேன். காய்ச்சல் மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா? இல்லை. குடல்புழு மருந்து? போன பொங்கலுக்கு. கருப்பாக வெளிக்குப் போகிறதா? இல்லை.

"எங்க படுக்கும்?"

கொஞ்சம் தாமதித்துப் பதில் வந்தது. "வாசல்லதான்."

"வாசல்" என்று எழுதிக்கொண்டேன். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்குள்ளே, விரல் இடுக்கிலே எல்லாம் உண்ணி. செல்வி அக்கா இடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி டெட்டால் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தவர், பின்னங்கால் விரல் நடுவில் சிக்கியிருந்த சிவப்புப் பட்டு இழை ஒன்றை இழுத்து எடுத்தார். "தறிக்கார வூட்டு நாய் பாருங்க சார். கால்லயே பட்டு கட்டிக்கினு வந்திருக்குது." நானும் சிரித்தேன். குமுதா அம்மா சிரிக்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் நாலு. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உள்ளே விடுகிற கிருமி ரத்த அணுக்களைத் தின்றுவிடும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ஊசி போட்டு, டிரிப் ஏற்றினேன். மணி ஒன்றரை இருக்கும். அவர் போன் அடித்தது. வீடியோ கால். குமுதா அம்மா எடுத்தார். போனைத் திருப்பி நேராக ரோஸியின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"ரோஸி... அய்யோ, இன்னாடி ஆச்சு உனக்கு? ஏன்டி படுத்துக்கினு இருக்கே?" ஒரு பெண்ணின் குரல். ரோஸியின் வால் மேசையில் இரண்டு தரம் தட்டியது. அதற்குமேல் தட்ட அதற்குத் தெம்பில்லை.

போனை வைத்த பிறகு அவராகவே சொன்னார். காயத்ரி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், அங்கே ஒரு வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஏகாம்பரம் அவள் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்றுவிட்டார். அவளும் ரோஷக்காரி. அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்க மாட்டாள். தினம் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, நாயைக் காட்டு என்பாள்.

"நான் ரோஸிகிட்ட போனைக் காட்டுவேன். 'ரோஸி, சாப்டியாடி, முட்டி வலி எப்டி கீதுடி, தைலம் தேச்சியா'ன்னு கேப்பா. நாய்க்கு ஏது தம்பி முட்டி வலி? அவரு தறி நாடாவை நிறுத்திட்டு, 'ரோஸி, பரவால்லன்னு சொல்லுடி'ம்பாரு. அவ்ளோதான். ஒன்றரை வருஷமா அப்பாவும் பொண்ணும் இப்டித்தான் பேசிக்கினு இருக்குறாங்க." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது போயிடுச்சின்னா எங்க மூணு பேருக்கும் நடுவுல பேச ஆளில்ல தம்பி."

எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதோடு சரி. தறியில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுகிற தூரத்தில் அந்த நாய் தினமும் இருக்கிறது என்றால், அது வாசலில் படுக்கிற நாயா? இது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரத்தில் ரோஸி எழுந்துவிட்டது. ஹீமோகுளோபின் எட்டரை. படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். "வீட்டைச் சுத்தி மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டேன். வாசல், கொல்லை, மாடிப்படி அடி எல்லாம் அடித்தாயிற்று என்றார். பொய் இல்லை, அவ்வளவும் அடித்திருந்தார்கள்.

அடுத்த மாதமே திரும்ப வந்தது. ஹீமோகுளோபின் அஞ்சு. இந்த இடத்தில் நான் செய்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. மருந்து சரி, அளவு சரி, அப்படியென்றால் வீட்டுக்காரர்கள்தான் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

"இருபத்தெட்டு நாள்னா இருபத்தெட்டு நாள்மா. நல்லாயிடுச்சின்னு நடுவுல நிறுத்திட்டீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல? சொன்னா புரியாதா உங்களுக்கு?"

வெயிட்டிங் ஹாலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமுதா அம்மா பையைத் திறந்து, காலியான மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை. என் அப்பாவை ஒரு ஆஸ்பத்திரி வரிசையில் இதே குரலில் ஒருத்தர் திட்டியிருக்கிறார். அப்போது அப்பாவும் இப்படித்தான் பையைத் திறந்து காட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் குரல் எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. திட்டு வாங்கினவர்கள் அதற்கப்புறம் நம்மிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. நான் வாயை அடைத்துவிட்டேன்.

மருந்தை மாற்றினேன். கொஞ்சம் தேறியது. ஆறு வாரம் கழித்து மூன்றாவது தரம் தூக்கி வந்தபோது ஹீமோகுளோபின் மூன்றுக்கும் கீழே. ரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் லேப்ரடாரைக் கெஞ்சிக் கூட்டி வந்து ரத்தம் எடுத்தோம். பை தொங்குகிறது, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வழக்கம்போல ஒன்றரை மணிக்குப் போன் வந்தது.

"ரோஸி, கண்ணு... ஏம்மா, இது ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்குதே, அங்க அப்பா கால் கீழ இப்ப யாரு படுக்குறது? அது இல்லன்னா குழி வெறிச்சுனு இருக்குமே." சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தவள் குரல் உடைந்துவிட்டது.

குமுதா அம்மா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் நான் கேட்டுவிட்டேன்.

"எந்தக் குழிமா?"

செல்வி அக்காதான் மெதுவாகச் சொன்னார். "தறிக் குழி சார்."

எங்கள் ஊர் மாகறல் பக்கம். நெல்லும் மாடும்தான் தெரியும். காஞ்சிபுரத்தில் நாலு வருஷம் இருந்தும் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. ரத்தம் ஏறி முடிந்து அவர்கள் ரோஸியோடு வீடு திரும்பிய பிறகு, அன்றைக்குச் சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். தரையில் இடுப்பளவுக்குக் குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். அவருக்கு நேர் முன்னால் பாவு, அதாவது சேலைக்கான நீளவாக்குப் பட்டு இழைகள், இழுத்துக் கட்டியிருக்கும். வெயில் காலத்தில் வீட்டிலேயே குளுமையான இடம் அந்தக் குழிதான். ரோஸி குட்டியாக இருந்ததிலிருந்து மிதிகட்டைக்குப் பக்கத்தில், அவர் காலை ஒட்டித்தான் படுத்திருக்கிறது.

ஏகாம்பரம் எழுந்து வழிவிட்டார். குனிந்து டார்ச்சை அடித்தேன். மண் சுவரில் விரல் நுழைகிற வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்பிலும் ஆமணக்கு விதை அடுக்கி வைத்த மாதிரி ரத்தம் குடித்து ஊதிய உண்ணிகள். நடுவில் எள்ளு சிந்தியதுபோலக் குஞ்சுகள். மூன்று மாதமாக நான் வெளியே எடுத்துப் போட்டதெல்லாம் இங்கே இருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எப்டி தம்பி சொல்றது? பட்டு குடுக்குற முதலாளிக்குத் தெரிஞ்சா, சாமி மாதிரி கும்புடுற தறியில நாயைப் படுக்க வெச்சிருக்கியான்னு பாவைத் திருப்பி எடுத்துக்கினு பூடுவாரு. கல்யாணப் புடவையில ஒரு நாய் முடி வந்துச்சின்னா அப்புறம் எங்களுக்குத் தறியே இல்ல. இந்தத் தெருவுலயே யாருக்கும் தெரியாது. நீங்க அந்த அக்கா எதிர்ல கேட்டீங்க, அப்புறம் எல்லார் எதிர்லயும் திட்டுனீங்க."

குழியைக் காலி செய்து, மருந்து அடித்து, வெடிப்புகளைப் பூச வேண்டும் என்றேன். ஏகாம்பரம் அதுவரை என்னிடம் பேசியதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முகூர்த்தச் சேலை சார் இது. இன்னும் எட்டு நாளு வேலை இருக்குது. மருந்து வாடை பட்டுல ஏறுச்சின்னா இறங்காது."

"பாவைக் கழட்டி வெச்சுட்டு அடிக்க முடியாதா?"

"பாதிச் சேலையில எறக்கி ஏத்துனா குறுக்கால கோடு வுழும். கோடு வுழுந்த சேலையைக் கல்யாணப் பொண்ணுக்கு எவன் வாங்குவான்? எட்டே எட்டு நாளு சார். சேலையை முடிச்சு அறுத்துக் குடுத்துட்டு நானே குழியை இடிச்சுக் கட்டிடறேன்."

ரத்தம் ஏற்றிய நாய்க்கு எட்டு நாள் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நம் க்ளினிக்கில் இரண்டு கூண்டு காலியாக இருந்தது. அதையும் சொன்னேன். குமுதா அம்மா, "அங்க வெச்சா மத்தியானம் போன் வந்தா இன்னா தம்பி பண்றது?" என்றார். அந்தச் சேலைக்கு அவர் கையும் வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ளுவது அவர்தான். அவர் க்ளினிக் வந்தால் தறி நிற்கும். அறுவடை நேரத்தில் ஒரு நாள் கூலி போனால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்துவிட்டது.

"சரி, எட்டு நாள். அதுவரைக்கும் வாசல்ல கட்டிப் போடுங்க. உள்ள விடவே கூடாது" என்றேன்.

அவர்கள் முகம் மலர்ந்தது. டீ போட்டுக் கொடுத்தார்கள். அந்த டீயைக் குடிக்கும்போது, படித்துவிட்டாலும் ஏழைகளின் கஷ்டம் தெரிந்த ஆளாகத்தான் இருக்கிறேன் என்று என்னைப் பற்றி நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஆறாவது நாள் காலை பதினொரு மணிக்கு ஏகாம்பரம் வந்தார். அவர் க்ளினிக் வருவது அதுதான் முதல் தடவை. ஒரு துண்டில் சுற்றி ரோஸியைக் குழந்தைபோலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் குமுதா அம்மா செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார்.

"நான்தான் சார் அவுத்து வுட்டேன்" என்று ஆரம்பித்தார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "ரெண்டு நாளு வாசல்லதான் கட்டியிருந்தோம். போன் வந்தா இவ வாசலுக்குப் போயிடறா. அங்க பேசறது எனக்கு ஒண்ணும் காதுல வுழல. அதான், போன் வர்ற நேரத்துக்கு மட்டும், ஒரு அரை மணி நேரம்னு கொண்டாந்து கால் கீழ வுட்டேன். அப்புறம் அது போவ மாட்டேன்னுச்சு. எனக்கும் தொரத்த மனசு வரல."

துண்டை விலக்கினேன்.

"இப்ப பாவை அறுத்துட்டேன் சார். கழட்டுனா ஒரு நாளு ஆவும். அறுக்க ஒரு நிமிஷம்தான். குழி பூரா மருந்து ஊத்திட்டேன். இனிமே ஒண்ணும் ஆவாதில்ல?"

சேலையை அறுத்துவிட்டால் நாய் பிழைத்துவிட வேண்டும் என்று ஒரு கணக்கு அவர் முகத்தில் இருந்தது. நான் ஈறைப் பார்த்தேன். மறுபடி ரத்தத்துக்கு ஆள் அனுப்பினோம். ஆக்ஸிஜன் வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே அது அவர் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி வைத்தது. ரத்தம் வருவதற்குள், ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மூச்சு நின்றுவிட்டது.

பெரிய டாக்டர் அப்புறம் சொன்னார், மூன்று முறை அப்படி வந்த உடம்பில் புது ரத்தம் ஊறுகிற இடமே ஓய்ந்துபோயிருக்கும், நீ முதல் நாளே குழியைப் பார்த்திருந்தால் சரி, கடைசி எட்டு நாளில் என்ன செய்திருந்தாலும் கஷ்டம்தான் என்று. ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று எனக்குத் தெரியாது. கூண்டு காலியாக இருந்தது. அது எனக்குத் தெரியும்.

ஒன்றரைக்குப் போன் அடித்தது.

குமுதா அம்மா கணவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போன் அடித்து முடித்து, மறுபடி அடித்தது. "நீங்க சொல்லுங்க தம்பி" என்று என் கையில் கொடுத்தார். சொன்னேன். இதை யாரும் நமக்குக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நான் வளைத்தேன். அந்தப் பெண் "செத்துப்போச்சா சார்?" என்று அவளே கேட்டாள்.

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள். "அப்பா அங்க இருக்காரா?"

ஏகாம்பரம் காதில் அது விழுந்தது. இத்தனை நாளில் அவள் அவரைப் பற்றி நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்த நிலைமையில் மகள் எதிரில் போக அவருக்குக் கூச்சம், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால், போனை அவர் கையில் திணித்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பெரியவர் தலையாட்டுகிறார், மரியாதைக்கு நானும் கட்டுப்பட்டேன்.

"இல்லம்மா. வரல" என்றேன்.

போன் கட்டாகிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ரத்தம் ஏன் குறைந்தது என்று பரிசோதனைக் கூடம் சொல்லிவிடும். ஏன் திரும்பத் திரும்பக் குறைகிறது என்பது அந்த வீட்டுக்குள் இருக்கும். எங்கே படுக்கிறது என்று கேட்டால் போதாது. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள். அவர்கள் மேல் பரிதாபம் வரும்போது இன்னும் கவனமாக இருங்கள். எட்டு நாள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இரக்கம்தான். கூண்டில் வைத்தே தீர வேண்டும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழியைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். வேறொரு முதலாளியிடம் சாதாரணச் சேலைக்குப் பாவு வாங்கி ஏற்றியிருந்தார்கள். ஏகாம்பரம் நாடாவை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைத்தார். நம் க்ளினிக்குக்குக் கட்டிய பணத்தையாவது திருப்பித் தந்துவிடலாம் என்று கையில் எடுத்துப் போயிருந்தேன். குமுதா அம்மா வாங்கவில்லை.

"காயத்ரி போன் பண்ணுதாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பண்ணப் போறா தம்பி? நான் ரெண்டு வாட்டி பண்ணேன். எடுக்கல." குரலைத் தாழ்த்தினார். "அப்பா வராம பூட்டாருன்னு நெனச்சிக்கினு இருக்குறா."

காரணம் நான் சொன்ன பொய்தான் என்று அவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நானும் பண்ணிப் பார்த்தேன், எடுக்கவில்லை. உண்மையை மெசேஜில் எழுதி அனுப்பினேன். இன்னும் பார்க்கப்படாமல் கிடக்கிறது.

கிளம்பும்போது எவ்வளவு போச்சு என்று கேட்டேன். அறுத்த சேலைக்கும் மிச்சப் பாவுக்கும் பழைய முதலாளி பிடித்துக்கொண்டது முப்பத்தெட்டாயிரம். நம் க்ளினிக்குக்குக் கட்டியது ஒன்பதாயிரத்து அறுநூறு. குமுதா அம்மா விரல் விட்டுக் கூட்டி, இரண்டு தரம் சரிபார்த்துச் சொன்னார். நாற்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.